பந்தாட்டமும் பெண்களும்

(காட்டூரில் கூடிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று மாலை இந்தக் காட்டூரில் பேச வேண்டுமென்று தோழர்கள் கேட்டுக் கொண்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று நாம் ஒன்றும் முடிவு செய்து கொள்ளவில்லை. ஆனால் இங்கு வந்திறங்கிய சிறிது நேரத்திற்குள் ஒரு தோழர் நம்மைத் தனியே அழைத்து ஒரு சங்கதி சொன்னார். அவருக்குப் பதின்மூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறாளாம். பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடுவதில் வெகு கெட்டிக்காரியாம். விளையாட்டு ஆசிரியை வீடு தேடி வந்து, "இந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள், நன்றாக வருவாள்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஆனால் அந்தப் பெண் வயதுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறதாம். அன்று முதல் மைதானத்துப் பக்கமே போகக் கூடாதென்று வீட்டில் தடுத்து வைத்திருக்கிறார்களாம். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். "உம்முடைய அபிப்பிராயம் என்ன?" என்று நாம் திருப்பிக் கேட்டோம். அதற்கு அவர், "எனக்குப் பூரண சம்மதந்தான். ஆனால் நாலு பேர் என்ன சொல்லுவார்களோ?" என்றார்.

ஆகவே அந்த நாலு பேரைப் பற்றியே இன்று பேசிவிடலாம் என்று தீர்மானித்தோம். அந்த நாலு பேரும் இந்தக் கூட்டத்தில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்க வேண்டும். அரியமங்கலத்திலிருந்தும், பாப்பாக்குறிச்சியிலிருந்தும், திருவெறும்பூரிலிருந்தும் வந்திருக்கிறவர்களில் எத்தனை பேர் அந்த நாலு பேராக இருக்கிறார்களோ நமக்குத் தெரியாது. ஏன், நாமே கூட மற்றொரு வீட்டுக்கு அந்த நாலு பேரில் ஒருவராக இருந்திருக்கலாம். அதனால் யாரையும் குற்றம் சொல்லுவதற்காக இதை எடுத்துக் கொள்ளவில்லை. அந்த நாலு பேரும் என்னென்ன சொல்லுகிறார்கள், அவற்றில் அறிவுக்குப் பொருந்தியது எவ்வளவு என்று பார்ப்போம்.

இதற்கு உதாரணமாக டென்னிஸ் என்னும் பந்தாட்டத்தையே எடுத்துக் கொள்ளுகிறோம். ஏனென்றால், பெண்கள் விளையாட்டையே ஜீவனமாகக் கொண்டு, தங்கள் கையால் சம்பாதித்து, ஆண்களுக்குச் சரியான கூலி வேண்டுமென்று கேட்டு வாங்கிய வெகு சில தொழில்களில் இதுவும் ஒன்று. அன்றியும் நம்முடைய தமிழ்நாட்டுப் பெண்ணொருத்தி இதில் இந்தியாவுக்கே வழி காட்டியிருக்கிறார். அது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நீளத்தில் 78 அடியும், ஒருவருக்கொருவர் ஆடும்போது அகலத்தில் 27 அடியும் உள்ள ஒரு தரை. நடுவில் மூன்றடி உயரத்துக்கு ஒரு வலை. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மட்டையால் அடித்த பந்து வலையைத் தாண்டிக் கோட்டுக்குள் விழ வேண்டும். எதிரி அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்ப முடியாதவர் தோற்றார். இவ்வளவுதான் விஷயம். இதில் மந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை, ஜாதகமும் இல்லை. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்பதற்கு அடித்தவர் ஆணா பெண்ணா, எந்த வகுப்பு, எந்த மதம் என்று பந்து பார்ப்பதில்லை. மனிதர்கள்தான் பார்த்துக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

எப்படியென்றால், இங்கிலாந்து தேசத்தில் விம்பிள்டன் என்னுமிடத்தில் 1877-ஆம் வருஷத்தில் பந்தயம் ஆரம்பித்தார்கள். அதில் பெண்களுக்கு இடமில்லை. 1884-ல்தான் பெண்களை விட்டார்கள். விட்டபோதும் எப்படி? கணுக்கால் வரை பாவாடை, அதற்குள் இன்னொரு பாவாடை, இடுப்பையும் விலாவையும் இறுக்கிக் கட்டும் கச்சை, தலைக்குத் தொப்பி. மூச்சு விடவே கஷ்டப்படுகிற ஒருத்தியை ஓடி ஆடச் சொல்லிவிட்டு, "பார், பெண்ணுக்குப் பலமில்லை" என்று தீர்ப்புச் சொன்னார்கள். காலைக் கட்டிப் போட்டுவிட்டு நொண்டி என்று பெயர் வைப்பதற்கு இது சமானமல்லவா?

1919-ல் பிரான்சு தேசத்திலிருந்து சூசான் லாங்லேன் என்ற இருபது வயதுப் பெண் அங்கே வந்தார். கச்சை இல்லை, கை தெரிய, கால் தெரிய, காற்றோட்டமான உடை. கனவான்களும் சீமாட்டிகளும் முகம் சுளித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் ஒழுக்கம் கெட்டது என்று எழுதினார்கள். அவர் அந்த வருஷத்துப் பந்தயத்தை ஜெயித்துவிட்டார். சில வருஷங்களுக்குள் முகம் சுளித்த அதே சீமாட்டிகளின் பெண்கள் அதே மாதிரி உடையைத் தைத்து வாங்கிப் போட்டுக் கொண்டார்கள். ஒழுக்கம் எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. உடையிலே ஒழுக்கம் இருந்தால்தானே போவதற்கு!

அமெரிக்காவிலே கருப்பு நிறத்தவர்கள் வெள்ளையரோடு சேர்ந்து ஆடக் கூடாதென்று வெகு காலம் தடுத்து வைத்திருந்தார்கள். நம் நாட்டில் கிணற்றுக்கும் கோயிலுக்கும் இருந்த தடை போல் அங்கே பந்தாட்டத் தரைக்கு இருந்தது. ஆல்தியா கிப்சன் என்ற கருப்பினப் பெண்ணை 1950-ல்தான் அந்நாட்டுத் தேசியப் பந்தயத்தில் ஆட விட்டார்கள். அதுவும் வெள்ளைக்காரியான ஆலிஸ் மார்பில் என்ற பழைய வெற்றி வீராங்கனை பத்திரிகையில் வெளிப்படையாகக் கண்டித்து எழுதிய பிறகு விட்டார்கள். ஏழு வருஷம் கழித்து, 1957-ல், அதே ஆல்தியா கிப்சன் விம்பிள்டனையும் ஜெயித்தார், அமெரிக்கப் பந்தயத்தையும் ஜெயித்தார். அடுத்த வருஷமும் இரண்டையும் ஜெயித்தார். தகுதி இல்லாததினால் உள்ளே விடவில்லை என்றார்கள். உள்ளே விட்ட பிறகல்லவா தகுதி தெரிந்தது! விடாமலே தகுதி பார்க்கிற வித்தை உலகம் முழுவதும் ஒன்றாகத்தான் இருக்கிறது போலும்.

நிற்க, கூலி விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் பெரும் பந்தயங்களில் ஜெயித்தவர்களுக்குக் கோப்பை கொடுப்பார்களே தவிரப் பணம் கிடையாது. 1968 முதல் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் விம்பிள்டனில் ஜெயித்த ஆணுக்கு 2,000 பவுன். ஜெயித்த பெண்ணுக்கு 750 பவுன். அந்தப் பெண்ணின் பெயர் பில்லி ஜீன் கிங். 1970-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பந்தயத்தில் ஆணுக்கு 12,500 டாலர், பெண்ணுக்கு 1,500 டாலர் என்று போட்டார்கள். எட்டில் ஒரு பங்கு! கேட்டதற்கு, "ஜனங்கள் ஆண்களைத்தான் பார்க்க வருகிறார்கள்" என்று பதில் வந்தது.

அப்பொழுது பில்லி ஜீன் கிங்கும் இன்னும் எட்டுப் பெண்களும் சேர்ந்து, 1970 செப்டம்பர் 23-ந் தேதி ஹூஸ்டன் நகரத்தில், ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு டாலர் என்பது பெயருக்குத்தான். "நாங்கள் தனியாகப் பந்தயம் நடத்துகிறோம், ஜனங்கள் வருகிறார்களா இல்லையா பார்த்துவிடுவோம்" என்பதே அதன் பொருள். சங்கத்தை விட்டே தள்ளிவிடுவோம் என்று மிரட்டினார்கள். அந்த ஒன்பது பேரும் மசியவில்லை. ஜனங்கள் வந்தார்கள். 1973-ல் பெண்களுக்கென்று சர்வதேசச் சங்கம் ஏற்பட்டது. அதே வருஷம் அமெரிக்கப் பந்தயத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான பரிசு கொடுத்தார்கள். அதே வருஷம் பாபி ரிக்ஸ் என்ற 55 வயதுப் பழைய ஆட்டக்காரர், "பெண்ணின் இடம் அடுப்பங்கரை, எந்தப் பெண் வந்தாலும் நான் ஜெயிப்பேன்" என்று சவடால் அடித்துக் கொண்டிருந்தார். அவரை 29 வயதான பில்லி ஜீன் கிங் பெரும் ஜனக்கூட்டத்துக்கு முன்னால் மூன்று நேர் ஆட்டங்களில் தோற்கடித்தார்.

இதனாலெல்லாம் எங்கும் சமத்துவம் வந்துவிட்டதா என்றால், விம்பிள்டனில் சமக்கூலி வருவதற்கு 2007-ஆம் வருஷம் ஆயிற்று. முப்பத்து நாலு வருஷ தாமதம்! 2025-ல் அங்கே ஜெயித்த ஆணுக்கும் 30 லட்சம் பவுன், ஜெயித்த பெண்ணுக்கும் 30 லட்சம் பவுன். இதைத் தானமாக யாரும் கொடுக்கவில்லை. கேட்டு, சண்டையிட்டு, வாங்கினார்கள்.

இங்கே நம் நாலு பேரில் ஒருவர் கேட்பார்: "பெரும் பந்தயங்களில் ஆண்கள் ஐந்து ஆட்டத்தில் மூன்று ஜெயிக்க வேண்டும், பெண்கள் மூன்றில் இரண்டு ஜெயித்தால் போதுமே, நேரம் குறைவுதானே, சமக்கூலி நியாயமா?" என்று. நல்ல கேள்வி. முதலாவது, மற்றப் பந்தயங்களில் பெரும்பாலும் இரு பாலாருக்கும் மூன்று ஆட்டந்தான். அங்கேயும் பெண்ணுக்குக் குறைத்துத்தானே கொடுத்தார்கள்? இரண்டாவது, நேரக் கணக்குத்தான் நியாயம் என்று இவர்கள் மெய்யாகவே நம்புகிறார்களென்றால், உய்யக்கொண்டான் வாய்க்கால் பாய்கிற வயல்களுக்குப் போய்ப் பார்க்கட்டும். காலை முதல் இடுப்பு ஒடியக் குனிந்து நாற்று நடுகிறவள் பெண். அதே வயலில் அதே நேரம் வேலை செய்கிற ஆணுக்கு ஒரு கூலி, அவளுக்கு அதிலும் குறைந்த கூலி என்பதைத்தானே தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வந்திருக்கிறோம்? அங்கே இந்த நேரக் கணக்குப் பண்டிதர்கள் எங்கே போனார்கள்? பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறபோது மாத்திரம் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

இனி நம் நாட்டைப் பார்ப்போம்.

இந்தியப் பெண் ஒருவர் விம்பிள்டனில் முதன் முதலாக ஓர் ஆட்டம் ஜெயித்தது 1934-ல். அவர் பெயர் லீலா ராவ். அதற்கப்புறம் வெகு காலத்துக்கு, பெரும் பந்தயங்களில் தனி ஆட்டத்தில் ஜெயித்தார் என்று சொல்லிக் கொள்ளும்படி இந்தியப் பெண் இல்லாமலே இருந்தது. பணப் பந்தயக் காலம் ஆரம்பித்த 1968 முதல் கணக்கிட்டால், பெரும் பந்தயத்தின் தனி ஆட்டத்தில் முதல் வெற்றி பெற்ற இந்தியப் பெண் நம் கோயமுத்தூரைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன். 1976-ல் பிறந்தவர். 1998-ல் ஆஸ்திரேலியப் பந்தயத்தில் இத்தாலி தேசத்து குளோரியா பிச்சிச்சினி என்பவரைத் தோற்கடித்தார். அப்பொழுது அவருக்கு 21 வயது. அதே வருஷம் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியோடு ஜோடியாக ஆடி வெண்கலப் பதக்கம் பெற்றார். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கிலும் ஆடினார்.

ஓர் ஆட்டம் ஜெயித்ததை இவ்வளவு பெரிதாகச் சொல்ல வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஜெயித்தது ஓர் ஆட்டந்தான். ஆனால் அதற்கு முன்னால் முப்பது வருஷம் அந்தக் கதவு சாத்திக் கிடந்தது. "நம் பெண்களால் ஆகாது" என்பது கிட்டத்தட்ட வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டிருந்தது. கோயமுத்தூர்ப் பெண் ஒருத்தி அதைப் பொய்யாக்கினார். வழி என்று ஒன்று ஏற்பட்டுவிட்டால் பின்னால் வருகிறவர்கள் நடப்பது சுலபம்.

அப்படிப் பின்னால் வந்து வெகு தூரம் போனவர்தான் ஐதராபாத்தில் வளர்ந்த சானியா மிர்சா. இவருடைய சரித்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறோம். ஏனெனில், நம் நாலு பேர் சொல்லக்கூடிய அத்தனை பேச்சையும் இந்த ஒரு பெண்ணிடம் சொல்லிப் பார்த்தாய்விட்டது.

1986-ல் பிறந்தவர். ஆறு வயதில் மட்டை பிடித்தார். அந்தக் காலத்தில் ஐதராபாத்தில் நல்ல தரை கிடையாது. மாட்டுச் சாணம் போட்டு மெழுகிய தரையில்தான் ஆடக் கற்றுக் கொண்டதாக அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். நம் வீட்டு வாசல் மாதிரிதான் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த வாசலிலிருந்து புறப்பட்டு, 2003-ல் விம்பிள்டனில் சிறுமிகள் ஜோடி ஆட்டத்தை ஜெயித்தார். 2005-ல் ஐதராபாத்தில் நடந்த பந்தயத்தை ஜெயித்து, பெண்கள் சர்வதேசச் சங்கத்தின் தனி ஆட்டப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அதே வருஷம் அமெரிக்கப் பந்தயத்தில் நாலாவது சுற்று வரை போனார். 2007-ல் தனி ஆட்டக்காரிகள் வரிசையில் உலகத்தில் 27-வது இடம். இந்தியப் பெண் யாரும் இதுவரை அதற்கு மேலே போனதில்லை.

இப்பொழுது நாலு பேர் இவரிடம் சொன்னதைக் கேளுங்கள்.

முதலாவது பேர்வழி சொன்னது: "வெயிலில் ஆடினால் கறுத்துப் போவாள், கறுத்த பெண்ணை யார் கட்டுவார்கள்?" இது அவருக்கு எட்டு வயதிருக்கும்போதே உற்றார் உறவினர் அவருடைய பெற்றோரிடம் சொன்னது. எட்டு வயதுக் குழந்தையைப் பார்த்தவுடன் கலியாணச் சந்தை ஞாபகந்தான் வருகிறது! வயலிலும், செங்கல் சூளையிலும், கட்டட வேலையிலும் நாள் முழுவதும் வெயிலில் நிற்கிற பெண்கள் கறுத்துப் போகிறார்களே என்று இவர்கள் எப்பொழுதாவது கவலைப்பட்டதுண்டா? அவள் பிறருக்கு உழைத்துக் கறுக்கலாம்; தனக்காக ஆடிக் கறுக்கக் கூடாது. இதுதானே இதன் தாத்பரியம்?

இரண்டாவது பேர்வழி உடையைப் பற்றிச் சொன்னது. 2005-ல் இவர் உலகப் புகழ் பெற்ற உடனே, அவருடைய மதத்தின் பேரால் பேசுகிற சில மௌல்விகள், ஆட்டத்துக்கு அவர் போடும் குட்டைப் பாவாடை மத விரோதம் என்று கண்டனம் செய்தார்கள். கல்கத்தாவில் அவர் ஆடும்போது போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. பந்து அடிக்கப் போன பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் துப்பாக்கிக் காவல்! இதைக் கேட்டு, "அந்த மதம் அப்படித்தான்" என்று நம்மவர்கள் யாரும் சந்தோஷப்பட வேண்டாம். பெண்ணின் முழங்கால் தெரிந்ததற்காகக் கெட்டுப் போகிற மதங்கள் அநேகம் உண்டு. நம் ஊர்த் தெருவில் சட்டையில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு நிற்கிற ஆணால் எந்த மதமும் கெட்டதாக இதுவரை செய்தி இல்லை.

மூன்றாவது பேர்வழி தேசத்தின் பேரால் வந்தார். சானியா 2010-ல் பாகிஸ்தானத்துக் கிரிக்கெட்காரர் ஒருவரைக் கலியாணம் செய்து கொண்டார். 2014-ல் தெலங்கானா அரசாங்கம் அவரைத் தங்கள் மாகாணத்தின் தூதராக நியமித்தபோது, ஓர் அரசியல் தலைவர், "அவள் பாகிஸ்தானத்து மருமகள், அவளுக்கு என்ன யோக்கியதை?" என்று பேசினார். பாருங்கள் தோழர்களே! இந்தியாவுக்காக ஆசிய விளையாட்டில் பதக்கம் வாங்கினவர். ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நின்றவர். அதெல்லாம் கணக்கில் இல்லை. யாருக்கு மருமகள் என்பதுதான் கணக்கு. ஓர் ஆண் வேறு தேசத்துப் பெண்ணைக் கட்டினால், அவனை யாராவது அந்தத் தேசத்து மருமகன் என்று தள்ளி வைத்ததுண்டா? ஆண் எங்கே போனாலும் ஆளாக இருக்கிறான். பெண் மாத்திரம் தகப்பன் வீட்டுச் சாமான், புருஷன் வீட்டுச் சாமான் என்று முகவரி மாறிக் கொண்டே போகிறாள்.

நாலாவது பேர்வழி நாகரிகமானவர். 2016-ல், இவர் ஜோடி ஆட்டத்தில் உலகத்தில் முதல் ஸ்தானத்தில் இருந்த காலத்தில், பிரபல பத்திரிகைக்காரர் ஒருவர் தொலைக்காட்சிப் பேட்டியில், எப்பொழுது குடித்தனம், பிள்ளைகுட்டி என்று நிலையாக அமரப் போகிறீர்கள் என்ற பாவனையில் கேட்டார். உலகத்தில் முதலாவதாக இருப்பதை விட நிலையான அமர்வு வேறு என்ன வேண்டும் என்ற கருத்தில் சானியா திருப்பிக் கேட்டார். அந்தப் பத்திரிகைக்காரர் அந்த இடத்திலேயே, ஓர் ஆணிடம் இதைக் கேட்டிருக்க மாட்டேன் என்று ஒப்புக் கொண்டு மன்னிப்புக் கேட்டார். தப்பை ஒப்புக் கொண்ட அந்த யோக்கியதையை நாம் பாராட்டத்தான் வேண்டும். நம் நாலு பேரில் இவர் ஒருவர்தான் தேறினார்.

இந்த நாலு பேர் பேச்சையும் கேட்டுக் கொண்டு சானியா வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திருக்காது. நாலு பேர் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்கள். உட்காராததினால் என்ன நடந்தது? 2008-ல் மணிக்கட்டில் காயம்பட்டு அறுவைச் சிகிச்சை செய்து கொண்டார். அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவில் ஆண் பெண் ஜோடி ஆட்டத்தில் மகேஷ் பூபதியோடு பட்டம் பெற்றார். உடம்பு தனி ஆட்டத்துக்கு இடம் கொடுக்காது என்று தெரிந்ததும், 2013-ல் அதை விட்டுவிட்டு ஜோடி ஆட்டத்தில் முழுக் கவனம் வைத்தார். இது தோல்வியல்ல; தன் பலம் எது, பலவீனம் எது என்று அறிவைக் கொண்டு கணக்குப் பார்த்த காரியம். 2015 ஏப்ரலில் ஜோடி ஆட்டத்தில் உலகத்தில் முதல் ஸ்தானம். அந்த வருஷத்திலும் அடுத்த வருஷத்திலுமாக மார்ட்டினா ஹிங்கிஸ் என்ற சுவிட்சர்லாந்துப் பெண்ணோடு சேர்ந்து 41 ஆட்டங்கள் தொடர்ச்சியாக ஜெயித்தார். பெரும் பந்தயப் பட்டங்கள் மொத்தம் ஆறு. 2018-ல் ஆண் குழந்தை பெற்றார். 2020 ஜனவரியில் திரும்பி வந்து, வந்த முதல் பந்தயத்தையே ஜெயித்தார். 2023-ல் ஆட்டத்திலிருந்து விலகினார். அப்பொழுது வயது 36.

பிள்ளை பெற்றால் பெண்ணின் வாழ்வு முடிந்தது என்கிறவர்களுக்கு இது ஒரு பதில். இதை அந்தத் தொழிலில் உள்ள சங்கமும் இப்பொழுது உணர்ந்திருக்கிறது. 2025-ல் ஆட்டக்காரிகள் பிரசவத்துக்காக விலகியிருக்கும் காலத்தில் பன்னிரண்டு மாதம் வரை சம்பளம் பெறும்படி ஒரு நிதி ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. விம்பிள்டனில் வெள்ளை உடைதான் போட வேண்டும் என்று வெகு காலமாகக் கண்டிப்பான விதி. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் எவ்வளவு பயந்து பயந்து ஆடியிருப்பார்கள் என்று அந்த விதி எழுதிய கனவான்களுக்குத் தோன்றவே இல்லை. ஆட்டக்காரிகள் வாய் திறந்து சொன்னார்கள். 2023 முதல் உள்ளாடை கருநிறத்தில் இருக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். தாய்மார்களே, இதைக் கவனிக்க வேண்டும். அந்த நாட்களைக் காரணம் காட்டிப் பெண்ணை வீட்டில் வைக்கவில்லை. பெண்ணுக்கு ஏற்றபடி விதியை மாற்றினார்கள். இங்கே பெண் வயதுக்கு வந்தால் மைதானத்தை மூடுகிறோம். அங்கே உடையை மாற்றினார்கள். எது அறிவு?

இனி, இந்தத் தொழிலில் நமக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று இருக்கிறது. உலகத்து ஆட்டக்காரிகளையெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துகிறார்கள். எப்படி? கடந்த 52 வாரங்களில் யார் எந்தப் பந்தயத்தில் எவ்வளவு தூரம் போனார்கள் என்று புள்ளி போட்டுக் கூட்டி வைக்கிறார்கள். 52 வாரத்துக்கு முந்தின புள்ளி தானாக விழுந்துவிடும். போன வருஷம் ஜெயித்தவர் இந்த வருஷம் மறுபடியும் ஜெயித்தாக வேண்டும்; இல்லாவிட்டால் கீழே இறங்க வேண்டும். பாட்டனார் பெரியவர், முப்பாட்டனார் மகாத்மியம் உள்ளவர் என்று எழுதி அனுப்பினால் அரைப் புள்ளி கூடக் கிடைக்காது. நம் நாட்டிலோ ஆயிரம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் யாரோ எழுதி வைத்த வரிசை இன்னும் விழாமல் நிற்கிறது. பிறந்ததற்கே புள்ளி! எவ்வளவு தோற்றாலும் புள்ளி குறையாது. எவ்வளவு ஜெயித்தாலும் புள்ளி ஏறாது. இந்த 52 வாரக் கணக்கை நம் சமூகத்துக்கு ஒரே ஒரு வருஷம் போட்டுப் பார்த்தால் யார் எங்கே நிற்பார்கள் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

ஆனால் உங்களிடம் பாதி உண்மை மாத்திரம் சொல்லிவிட்டுப் போக நமக்கு இஷ்டமில்லை. இந்தத் தொழிலிலும் பணக்காரர் ஏழை வித்தியாசம் கடுமையாக இருக்கிறது. உச்சியில் உள்ளவர்களுக்கு லட்சக்கணக்கில் வருகிறது என்பது மெய். அடியில் உள்ள பந்தயங்களில் மொத்தப் பரிசே 15,000 டாலர். அதை முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும். முதல் சுற்றில் தோற்றவளுக்குக் கிடைப்பது வந்த ரயில் செலவுக்கும் தங்கின அறைக்கும் காணாது. பயிற்சி ஆசான், மட்டை, நரம்பு, செருப்பு, வைத்தியம், ஊர் ஊராகப் போகிற செலவு எல்லாம் கையிலிருந்தே. ஆகையால், பெண்ணை ஆட விட்டால் நாளைக்கே பங்களா வாங்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நூற்றில் ஒருத்தி, ஆயிரத்தில் ஒருத்திதான் அதில் ஜீவிக்க முடியும். பணத்துக்காக ஆட விடுங்கள் என்று நாம் சொல்லவேயில்லை.

பின்னே எதற்காக? நன்றாக ஓடி ஆடின பெண் தன் உடம்பைத் தன்னுடையது என்று அறிகிறாள். தோற்றால் தலையெழுத்து என்று அழாமல், எந்தப் பந்தைத் தப்பாக அடித்தோம் என்று யோசிக்கிறாள். அடுத்த நாள் அதைத் திருத்துகிறாள். காரணம் தேடித் திருத்துகிற இந்தப் பழக்கம் ஒன்று வந்துவிட்டால், அவள் பந்து ஆடினாலும் சரி, நம் பாய்லர் தொழிற்சாலையில் வேலைக்குப் போனாலும் சரி, கடை வைத்தாலும் சரி, அவளை யாரும் ஏய்க்க முடியாது. பத்து மேடைகளில் பேசிப் புரிய வைக்க வேண்டியதை ஒரு மைதானம் கற்றுக் கொடுத்துவிடுகிறது.

அன்றியும் டென்னிஸ்தான் வேண்டும் என்பதில்லை. ஓட்டத்துக்கு வேண்டியது காலும் தரையுந்தான். நம் திருச்சியைச் சேர்ந்த சுபா வெங்கடேசன், மதுரைப் பக்கத்து ரேவதி வீரமணி ஆகிய இரண்டு பெண்களும் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண் பெண் கலந்த தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்கள். ரேவதி தாய் தகப்பனை இழந்து பாட்டியால் வளர்க்கப்பட்டவர். பெண்ணைத் தடுக்கிற பாட்டியும் உண்டு. ஓட விட்ட பாட்டியும் உண்டு. ஆகவே வயதைக் குற்றம் சொல்லாதீர்கள்.

கோயமுத்தூரும் சும்மா இருக்கவில்லை. 1998-ல் நிருபமா திறந்த வழியில், அதே ஊரைச் சேர்ந்த மாயா ராஜேஸ்வரன் என்ற பதினைந்து வயதுப் பெண் 2025 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த சர்வதேசப் பந்தயத்தில், தகுதிச் சுற்றிலிருந்து மேலே வந்து அரை இறுதி ஆட்டம் வரை போனாள். பதினைந்து வயது! நம் தோழரின் பெண்ணுக்கு இன்னும் இரண்டு வயது பாக்கி இருக்கிறது.

தோழர்களே! மகளுக்குச் சொத்தில் சமபாகம் என்று 1989-ல் நம் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2005-ல் இந்தியா முழுவதற்கும் வந்தது. ஆனால் மாலை நேரத்தில் ஒரு மணி நேரம், ஒரு மைதானம், ஒரு ஜோடி செருப்பு, இவற்றில் மகளுக்குப் பாகம் கொடுக்க எந்தச் சட்டம் வர வேண்டும்? இதற்குச் சர்க்கார் வேண்டாம், சட்டசபை வேண்டாம். தகப்பன் தாய் இரண்டு பேர் சரியென்று சொன்னால் போதும். ஆண் பிள்ளைகள் ஆடுகிற தரையில் சாயங்காலம் பாதியைப் பெண் குழந்தைகளுக்கு விட வேண்டுமென்று இந்த ஊர் வாலிபத் தோழர்கள் இன்றிரவே முடிவு செய்தால், நாளைக்கே நடந்துவிடும். ஆசிரியை ஒருவர் வீடு தேடி வந்து சொல்லத் தயாராக இருக்கிற ஊரில், அதைக் கேட்க நாதியில்லை என்றால் அது நம் எல்லோருக்கும் வெட்கம்.

கடைசியாக, நம்மிடம் வந்த அந்தத் தோழருக்கு ஒரு வார்த்தை. அவர் பெயரை நாம் சொல்லப் போவதில்லை. ஐயா, நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்று கேட்டீர். நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்பதை இவ்வளவு நேரம் சொல்லிவிட்டோம். அவர்கள் லாங்லேனிடமும் சொன்னார்கள், ஆல்தியா கிப்சனிடமும் சொன்னார்கள், சானியாவிடமும் சொன்னார்கள். உம்மிடமும் சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் ஐந்தாவதாக ஒரு பேர் இருக்கிறாள். மூன்று மாதமாக வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். அவளை ஒருவரும் கேட்கவில்லை. நீரும் கேட்டதாகச் சொல்லவில்லை. இன்றிரவு வீட்டுக்குப் போய் அவளைக் கேளும். அவள் ஆட வேண்டும் என்று சொன்னால், நாளைக் காலையில் நீரே கூட்டிக் கொண்டு போய் மைதானத்தில் விடும். வேண்டாம் என்று அவளே சொன்னால், அதுவும் அவள் இஷ்டம்.

இதுவரை நாம் சொன்னதெல்லாம் உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக் கொள்ளுங்கள். படாவிட்டால் தாராளமாகத் தள்ளிவிடுங்கள்.